அயர்லாந்து நாட்டுப்புறக் குடிசை வீடுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளைச் சுவர், வைக்கோல் கூரை, சிவப்புக் கதவு. அஞ்சலட்டையில் இருக்கும் இந்த வீடுதான் அயர்லாந்து ஏழைகளின் வீடா?

இல்லை. அது ஓரளவு பிழைக்க முடிந்த சிறு விவசாயியின் வீடு. 1841-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அயர்லாந்து வீடுகளை நான்கு வகுப்புகளாகப் பிரித்தது. நான்காம் வகுப்பு என்பது ஒரே அறை கொண்ட மண் குடிசை. அப்போது நாட்டிலிருந்த சுமார் 13 லட்சம் வீடுகளில் 4,91,000 வீடுகள் இந்த வகுப்பு. இரண்டு முதல் நான்கு அறையும் ஜன்னலும் உள்ள மண் வீடு மூன்றாம் வகுப்பு. அதற்கு மேலே நல்ல பண்ணை வீடுகள்.

1845-இல் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்து பெரும் பஞ்சம் வந்தது. 1851-இல் மறுபடி எண்ணியபோது நான்காம் வகுப்பு வீடுகள் சுமார் 1,36,000-தான் மிச்சம். அவற்றில் இருந்தவர்கள் செத்தார்கள், அல்லது கப்பல் ஏறினார்கள். பலரைக் குத்தகை பாக்கிக்காக வெளியேற்றி, திரும்பி வரக்கூடாதென்று கூரையையும் இடித்தார்கள். கூரை போன மண் சுவர் சில மழைக்காலங்களில் கரைந்து வயலோடு வயலாகிவிடும். அதனால் மிக ஏழைகளின் வீடு இன்று பார்க்கக் கிடைப்பது அரிது.

இன்னொன்று. லிமெரிக் மாவட்டத்தின் அடேர் கிராமத்தில் சுற்றுலாப் பயணிகள் வரிசையில் நின்று படமெடுக்கும் அழகான குடிசைகள், 19-ஆம் நூற்றாண்டில் டன்ரேவன் பிரபு தன் எஸ்டேட்டுக்காகத் திட்டமிட்டுக் கட்டியவை. அழகுதான். ஆனால் கீழே சொல்லப்போகும் மரபுக்கும் அவற்றுக்கும் அதிகம் உறவில்லை.

வீட்டின் அமைப்புக்கு ஏதாவது விதி உண்டா?

எழுதி வைத்த விதி இல்லை. ஆனால் நாடு முழுக்க ஏறத்தாழ ஒரே ஒழுங்கு. வீடு நீளவாக்கில் போகும்; அகலத்தில் ஒரே ஓர் அறைதான். ஓர் அறையைக் கடந்துதான் அடுத்த அறைக்குப் போக வேண்டும், நடைவழி கிடையாது. கதவும் ஜன்னலும் நீளச் சுவர்களில் இருக்கும், பக்கவாட்டு முக்கோணச் சுவரில் அநேகமாக இருக்காது. அடுப்பு வீட்டின் நீளவாக்கு அச்சில் உட்காரும்.

உள் அகலம் 4 முதல் 5 மீட்டரைத் தாண்டாது. கிடைத்த கூரை மரம் அந்த நீளத்துக்குத்தான் தாங்கும். இடம் போதவில்லை என்றால் வீட்டை நீட்டுவார்கள்; வசதி வந்தால் மேலே ஒரு மாடி எழுப்புவார்கள். பக்கவாட்டில் அகலப்படுத்துவது வழக்கமில்லை.

எல்லா ஊரிலும் வாசல் ஒரே இடத்தில்தானா?

இங்கேதான் நாடு இரண்டாகப் பிரிகிறது. மேற்கிலும் வடக்கிலும் கதவு அடுப்புக்கு எட்ட, அறையின் மறுகோடியில் இருக்கும். உள்ளே நுழைந்தால் நேராகச் சமையலறை. பல வீடுகளில் அதற்கு எதிர்ச்சுவரிலும் ஒரு கதவு உண்டு. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அந்தப் பக்கக் கதவைச் சாத்திவிட்டு மற்றதைத் திறப்பார்கள். இரண்டையும் திறந்து வைத்து, நடுவில் ஓடும் காற்றில் தானியம் தூற்றுவதும் உண்டு.

கிழக்கிலும் தென்கிழக்கிலும் கதவு அடுப்பை ஒட்டியே இருக்கும். கதவுக்கும் அடுப்புக்கும் நடுவே ஒரு குட்டைத் தடுப்புச் சுவர். வெளிக்காற்று நேராகத் தீயில் படாமல் அது தடுக்கும். அந்தச் சுவரில் உள்ளங்கை அளவுக்கு ஒரு சின்ன ஜன்னல் வைப்பார்கள். அடுப்பருகே உட்கார்ந்திருப்பவர் எழுந்திருக்காமலே வருவது யார் என்று பார்த்துக்கொள்ளலாம்.

இடத்தை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள்?

முதலில் காற்று, அடுத்து தண்ணீர். அட்லாண்டிக் காற்று தென்மேற்கிலிருந்து வருவதால் மேட்டின் மறைவில், சரிவில் கட்டுவார்கள். மாடும் அதே கூரைக்குக் கீழே என்றால் வீடு சரிவின் போக்கிலேயே நீளும். மனிதர் மேல்கோடி, மாடு கீழ்க்கோடி. கழிவு தானாக வெளியே ஓடிவிடும். மேற்குக் கடலோர ஆக்கில் தீவில் ஸ்லீவ்மோர் மலையடியில் கைவிடப்பட்ட கிராமம் ஒன்று இருக்கிறது. அங்கே கூரையில்லாத கல் வீடுகளின் வரிசையைப் பார்த்தால் இந்தச் சரிவுக் கணக்கு உடனே புரியும்.

நம்பிக்கைகளும் கூடவே உண்டு. தேவதைகள் நடக்கும் பாதையில் கட்டக்கூடாது. நான்கு மூலைக்கும் கல் வைத்துவிட்டு, மறுநாள் காலையில் ஏதாவது நகர்ந்திருந்தால் வேறு இடம் பார்ப்பார்கள். வீட்டை மேற்குப் பக்கம் நீட்டினால் ஆகாது என்பார்கள்.

கல் சுவர் எப்படிக் கட்டப்பட்டது?

ஆழமான அஸ்திவாரம் கிடையாது. மேல்மண்ணை வழித்தெடுத்து, கெட்டித்தரை தெரிந்ததும் பெரிய கற்களை அடியில் வைத்துத் தொடங்கிவிடுவார்கள். சுவர் சுமார் 60 சென்டிமீட்டர் கனம். உள்முகம், வெளிமுகம் என இரண்டு அடுக்கு; நடுவில் சில்லுக் கல்லும் மண்ணும். இரண்டு முகத்தையும் கோர்த்துப் பிடிக்க, சுவரின் முழுக் கனத்துக்கும் நீண்ட பிணைப்புக் கற்களை இடையிடையே வைக்க வேண்டும். சோம்பேறிக் கொத்தன் இதை விட்டுவிட்டான் என்றால் சில பத்தாண்டுகளில் வெளிமுகம் வயிறு தள்ளும். உள்ளே இறங்கும் மழைநீர் நடுவிலுள்ள மண்ணை அரித்தால் அது இன்னும் வேகமாக நடக்கும்.

கற்களைப் பதிக்கப் பெரும்பாலும் களிமண் சாந்துதான். சுண்ணாம்புக்குச் செலவு அதிகம் என்பதால், மழை படும் வெளி இடுக்குகளுக்கும் பூச்சுக்கும் மட்டும் அதை வைத்துக்கொள்வார்கள். ஆகவே வெளிப்பூச்சு உதிர்ந்து நிற்கும் வீடு பார்க்கத்தான் உறுதி. உள்ளே இருப்பது மண்.

மண் சுவர்?

கல் குறைவான கிழக்கு, தென்கிழக்குப் பகுதிகளில் இதுதான் முறை. நன்றாகக் கட்டிய மண் சுவர் 200 வருஷம் தாண்டியும் நிற்கிறது.

மேல்மண் உதவாது, அதிலிருக்கும் இலைதழை மக்கிப்போகும். அடிமண்ணை வெட்டி, தண்ணீர் விட்டு, நறுக்கிய வைக்கோலோ கோரையோ சேர்த்து, காலாலோ மாட்டை விட்டோ மிதிக்க வேண்டும். மிதித்த மண்ணைச் சில நாள் புளிக்க விடுவார்கள். முதலில் தரைக்கு மேல் கல் வரிசை ஒன்று எழும்பும். மண் நேராக ஈரத்தரையைத் தொடக்கூடாது. அதன்மேல் கவைமுள்ளால் மண்ணை எடுத்துப் போட்டு மிதித்து, அரை மீட்டர் அளவுக்கு ஒரு படை. பலகை அச்சு எதுவும் இல்லை. படை இறுகியதும் கூரான மண்வெட்டியால் இருபக்கமும் செதுக்கி நேராக்கிவிட்டு அடுத்த படை.

தவறு நடப்பது பெரும்பாலும் அவசரத்தில்தான். கீழ்ப்படை காயுமுன் மேல்படையை ஏற்றினால் கீழே பிதுங்கும். வைக்கோல் குறைந்தால் காயும்போது வெடிக்கும். வசந்தத்தில் தொடங்கினால்தான் குளிர்மழைக்குமுன் கூரை போட முடியும். மண்ணில் உயரமான முக்கோணச் சுவர் எழுப்புவது ஆபத்து என்பதால் இந்தப் பகுதிகளில் கூரையை நான்கு பக்கமும் சரித்துவிடுவார்கள்.

கட்டி முடித்த பிறகு காக்க வேண்டியவை இரண்டு: காலும் தலையும். அடியில் ஈரம் தேங்காமல், மேலே கூரை ஒழுகாமல் இருந்தால் நடுச்சுவருக்கு எதுவும் ஆகாது.

மரம் இல்லாத நாட்டில் கூரை மரம் எங்கிருந்து வந்தது?

மண்ணுக்கடியிலிருந்து. 20-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் அயர்லாந்து நிலப்பரப்பில் காடு 1 சதவீதத்தை ஒட்டியே இருந்தது. ஆனால் சதுப்பு நிலங்களுக்குள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் விழுந்த ஓக், பைன் மரங்கள் காற்றுப்படாமல் கெடாமல் கிடந்தன. நீண்ட இரும்புக் கம்பியைச் சதுப்பில் குத்திக் குத்தித் தேடுவார்கள். பிசின் ஊறிய சதுப்புப் பைன் மரத்தைச் சீவி, அடித்து, நாராக்கிக் கயிறுகூடத் திரிப்பார்கள். அதன் சிராய் விளக்குத் திரியாகவும் எரியும்.

இரண்டு சரிவு மரங்களைச் சேர்த்து, நடுவில் குறுக்குக் கட்டை போட்ட ஜோடிகள் சுவர்மேல் உட்காரும். அவற்றின்மேல் நீளவாக்கில் சட்டங்கள், அதன்மேல் கிளைகள். மரம் வளைந்திருந்தால் வளைந்தபடியே வைப்பார்கள். மேடுபள்ளத்தை வைக்கோல் மறைத்துவிடும்.

வைக்கோலுக்கும் மரத்துக்கும் நடுவே என்ன இருக்கும்?

புல்தரை. அதை ‘ஸ்க்ரா’ என்பார்கள். மாடு மேய்ந்து வேர் பின்னிக் கிடக்கும் பழைய தரையை, அரை மீட்டர் சுமார் அகலத்தில், 3 முதல் 5 சென்டிமீட்டர் கனத்தில், பல மீட்டர் நீளத்துக்கு வெட்டி, ஒரு கழியில் பாய்போலச் சுருட்டித் தூக்கிவந்து கூரையில் விரிப்பார்கள். கயிற்றால் மரத்தோடு சேர்த்துத் தைப்பதும் உண்டு. வேய்ச்சல் குச்சிகள் பற்றிக்கொள்வது இந்த வேர்ப்பின்னலைத்தான். உள்ளே குளிரும் தூசியும் இறங்காமல் தடுப்பதும் இதுதான். பழைய கூரையில் ஸ்க்ரா தூளாகிவிட்டால் மேலே எவ்வளவு நல்ல வைக்கோல் போட்டாலும் குச்சி பிடிக்காது.

வேய்வது எப்படி?

ஊருக்கு ஊர் பொருள் மாறும்: கோதுமை, ஓட்ஸ், ரை வைக்கோல், ஆற்றோரத்தில் நாணல், கடற்கரையில் மணற்புல், லினன் நூலுக்கான ஆளிச்செடி விளைந்த வடக்கில் அதன் தண்டு. முறைகளில் முக்கியமானவை இரண்டு.

நாட்டின் பெரும்பகுதியில் குச்சி வேய்ச்சல். ஹேசல் அல்லது வில்லோ குச்சிகளை, சாறு இறங்கியிருக்கும் குளிர்காலத்தில் வெட்டி வைப்பார்கள். ‘ஸ்காலப்’ என்று பெயர். இருமுனையையும் கூராக்கி, நடுவில் முறுக்கி மடக்கினால் கொண்டை ஊசி வடிவம் வரும். முறுக்காமல் மடக்கினால் குச்சி ஒடியும். வேய்பவர் இறவாணத்தில் தொடங்கி முகடு வரை, ஏணியில் நின்று கை எட்டும் அகலத்துக்கு ஒரு பட்டையாக ஏறுவார். ஒரு கட்டு வைக்கோலைப் பரப்பி, நேர்க்குச்சி ஒன்றைக் குறுக்கே கிடத்தி, கொண்டை ஊசிக் குச்சிகளால் அதை ஸ்க்ராவோடு அடித்து இறுக்குவார். அடுத்த கட்டு அந்தக் குச்சியை மூடிவிடும். ஒரு வீட்டுக்குக் குச்சி ஆயிரக்கணக்கில் வேண்டும். வெளியே தெரிவது முகட்டிலும் இறவாணத்திலும் மட்டும்தான். கொண்டை ஊசிக் குச்சியைச் சற்று மேல்நோக்கிய சாய்வில் குத்த வேண்டும். கீழ்நோக்கிக் குத்தினால் மழைநீர் குச்சியின் வழியாகவே வீட்டுக்குள் வரும்.

டோனிகால், மேயோ, கால்வே கடற்கரைகளில் கயிற்று வேய்ச்சல். அங்கே புயல் குச்சியைப் பிடுங்கிவிடும். வைக்கோலைப் பரப்பி, மேலே வலைபோலக் கயிறு போர்த்தி, சுவரில் இறவாணத்துக்குக் கீழே நீட்டியிருக்கும் கல் முளைகளில் கட்டுவார்கள். அல்லது கயிற்று நுனியில் கனமான கல்லைத் தொங்கவிடுவார்கள். முகடும் கூராக இருக்காது, காற்று வழுக்கிப் போகட்டும் என்று உருட்டி விட்டிருப்பார்கள்.

எத்தனை வருஷம் தாங்கும்?

கயிற்று வேய்ச்சலுக்கு ஓரிரு வருஷத்துக்கு ஒருமுறை மேல்படை. குச்சியில் வேய்ந்த வைக்கோல் 10 முதல் 15 வருஷம், நல்ல நாணல் அதைப்போல் இருமடங்குக்கு மேல். முதலில் தேய்வது முகடு; அதை மட்டும் இடையில் ஒருமுறை மாற்ற வேண்டிவரும். மக்கிய மேல்பகுதியைச் சீவிவிட்டு, பழையதன் மேலேயே புதியது வைப்பது வழக்கம். அதனால் சில கூரைகள் ஒரு மீட்டர் கனத்தையும் தாண்டியிருக்கின்றன.

சரிவு 45 பாகைக்குக் குறையக்கூடாது. சரிவு குறைந்த இடத்தில் தண்ணீர் தயங்கும், பாசி பிடிக்கும், வைக்கோல் கறுத்துக் கூழாகும். வடக்கு பார்த்த பக்கமும் மரநிழல் விழும் பக்கமும் முதலில் போவது இதனால்தான்.

இன்றைய வைக்கோல் ஏன் சீக்கிரம் கெடுகிறது?

இரண்டு காரணம். நைட்ரஜன் உரம் போட்டு வளர்த்த பயிரின் தண்டு மெலிந்து பஞ்சுபோல் இருக்கிறது. கம்பைன் அறுவடை இயந்திரம் தண்டை நசுக்கி உடைக்கிறது. உடைந்த தண்டுக்குள் தண்ணீர் புகுந்துவிடும். வேய்ச்சலுக்கென்றே உரம் குறைத்து, உயரமான பழைய ரகம் விதைத்து, கட்டுக்கட்டாக அறுக்கும் பழைய இயந்திரத்தால் அறுப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும்.

ஏன் வெள்ளையடித்தார்கள்?

வெள்ளையாகத் தெரிய மட்டுமல்ல. சுண்ணாம்புப் பூச்சு சுவருக்கு வருஷாவருஷம் போடும் புதுத்தோல். சின்ன விரிசல்களை அடைக்கும், கிருமியைக் கொல்லும், அதே நேரம் உள்ளிருக்கும் ஈரத்தை வெளியே விடும். வீட்டில் பூசை வைக்கப் பாதிரியார் வரும் முறை வந்தால் அதற்கு முன் கட்டாயம் ஒரு பூச்சு உண்டு.

சுட்ட சுண்ணாம்புக் கல்லைத் தண்ணீரில் போட்டு நீற்றும்போது கொதித்துப் பொங்கும். சுண்ணாம்பைத்தான் தண்ணீரில் போட வேண்டும். சுண்ணாம்பின்மேல் தண்ணீரை ஊற்றினால் தெறித்துக் கண்ணைக் கெடுக்கும். அந்தச் சூட்டிலேயே கொஞ்சம் மாட்டுக்கொழுப்பைக் கரைத்துவிட்டால் பூச்சில் மழைநீர் ஒட்டாது. பால்போல நீர்க்கக் கரைத்து, சுவரை முதலில் நனைத்துவிட்டு, மெல்லிய பூச்சாக மூன்று நான்கு முறை. கெட்டியாக ஒரே பூச்சில் முடித்தால் பொடிந்து உதிரும். பூசியபின் உறைபனி விழுந்தாலும் அதே கதி. பளிச்சென்று வர நீலம் சேர்ப்பார்கள்; காவி சேர்த்த மஞ்சள் வீடுகளும் உண்டு.

அடுப்பு எப்படி இயங்கியது?

எரிபொருள் ‘டர்ஃப்’, அதாவது சதுப்பிலிருந்து வெட்டிக் காயவைத்த பீட் (மக்கிய செடிகள் இறுகிய மண்) கட்டி. ஏப்ரல், மே மாதங்களில் ‘ஷ்லான்’ என்ற, பக்கத்தில் இறக்கை வைத்த ஒடுக்கமான மண்வெட்டியால் வெட்டுவார்கள். வெட்டும்போது அதில் சுமார் 90 சதவீதம் தண்ணீர். பரப்பி, தோல் காய்ந்ததும் நான்கைந்தாகக் கூம்பு கட்டி நிறுத்தி, பிறகு வீட்டுப் பக்கத்தில் போராக அடுக்குவார்கள். மழைக்கோடையாகப் போனால் அந்தக் குளிர்காலம் முழுக்கப் புகைதான்.

தரையோடு தரையாகத் தீ. அதன் பக்கத்தில் சுழலும் இரும்புக் கை. அதில் கொக்கி, கொக்கியில் பானை. கொக்கியின் உயரத்தைக் கூட்டிக் குறைப்பதே தீயைக் கூட்டிக் குறைப்பது. இரவில் தணலைச் சாம்பலால் மூடி, காலையில் கிளறி, புது டர்ஃப் வைப்பார்கள். தீயை அணைய விடுவது துரதிர்ஷ்டம் என்ற நம்பிக்கைக்குப் பின்னே நடைமுறைக் காரணமும் இருந்தது. இடைவிடாத சூடு சுவரைக் காயவைத்தது, கூரைமரத்தைப் பூச்சி அரிக்காமல் காத்தது. வீடு பூட்டிக் கிடந்தால் கூரை சில வருஷங்களில் இறங்கிவிடுவதற்குக் காரணம் இந்தச் சூடு நின்றுபோவதுதான்.

அடுப்பில் ரொட்டி சுடுவது எப்படி?

‘பாஸ்டிபிள்’ என்ற, அடி தட்டையான மூன்று கால் இரும்புச் சட்டியில். கோதுமை மாவு, உப்பு, சமையல் சோடா, மோர், இவ்வளவுதான். மோரின் புளிப்பும் சோடாவும் சேர்ந்தவுடன் நுரை எழும்பும் என்பதால் பிசைந்து நேரம் கடத்தக்கூடாது. திரட்டி, மேலே சிலுவைக்கீறல் போட்டு உடனே சட்டிக்குள். மூடிமேலும் தணல் பரப்ப வேண்டும். மேல்தணல் குறைந்தால் அடி கருகி, மேல் வெளிறிப்போகும். சோடா வந்தது 19-ஆம் நூற்றாண்டில்தான். அயர்லாந்துக் கோதுமை மென்மையான ரகம், ஈஸ்ட் போட்டு எழுப்ப ஏற்றதல்ல. அதனால் சோடா நன்றாக ஒட்டிக்கொண்டது. பஞ்சத்துக்குமுன் ஏழை வீட்டில் ரொட்டிக்கே இடமில்லை. உழைக்கும் ஆள் ஒருவர் நாளொன்றுக்கு 5, 6 கிலோ உருளைக்கிழங்கு சாப்பிட்டார், தொட்டுக்கொள்ள மோர்.

இத்தனை பேர் எங்கே தூங்கினார்கள்?

பகலில் நீள இருக்கையாக இருக்கும் ‘செட்டில்’ பெட்டி இரவில் முன்பக்கமாக மடங்கித் தரையில் படுக்கையாகும். வடமேற்கில் அடுப்பை ஒட்டிய சுவரை ஒரு மீட்டர் அளவுக்கு வெளியே தள்ளி, அந்தக் குழிவில் திரை போட்ட கட்டில் வைப்பார்கள். வீட்டிலேயே வெதுவெதுப்பான இடம் அது; அநேகமாக முதியவர்களுக்கு. பிள்ளைகளுக்குக் கூரையடிப் பரண்.

மாடு உண்மையிலேயே உள்ளே இருந்ததா?

மேற்கில் பல வீடுகளில் இருந்தது. சமையலறையின் கீழ்க்கோடியில் கட்டுவார்கள், நடுவில் ஒரு கழிவுக் கால்வாய். மாட்டின் உடல்சூடு வீட்டுக்கு, வீட்டின் சூடு மாட்டுக்கு. மாடு தீயைப் பார்த்தால் பால் கூடும் என்பார்கள். கோழிகளுக்குப் பாத்திர அலமாரியின் கீழ்த்தட்டு.

வாசலின் கீழ்ப்பாதியை மட்டும் மூடும் பாதிக் கதவு எதற்கு?

கோழி உள்ளே வராது, குழந்தை வெளியே போகாது, வெளிச்சமும் காற்றும் வரும். கைமுட்டியை ஊன்றிப் பேசவும் வசதி.

தரை?

அடித்து இறுக்கிய களிமண். அடுப்பு முன் மட்டும் கல் பலகை. நடனம் எடுபட, அந்தக் கல்லுக்கடியில் குதிரை மண்டையோடு புதைத்த வீடுகளும் உண்டு. அடி ஓசை கணீரென்று வரும்.

பழைய வீட்டை வாங்கிச் சரிசெய்யும்போது அதிகம் நடக்கும் பிழை எது?

சிமெண்ட். ஒழுகாத சுவர் வேண்டுமென்று வெளியே சிமெண்ட் பூசுவார்கள். அது நுண்ணியதாக விரிசல் விடும். விரிசலில் போன மழை திரும்பி வர வழியில்லை. சில வருஷத்தில் உள்சுவரில் ஈரக்கறை, மண் சுவரென்றால் அடி கரைந்து திடீரென்று ஒரு பகுதி சரியும். தரையில் பிளாஸ்டிக் விரித்து கான்கிரீட் போட்டால் தரையின் ஈரம் சுவரடிக்குத் திரும்பும். ஈரமான மண் சுவரிலிருந்து சிமெண்ட் பூச்சை ஒரேயடியாகப் பெயர்ப்பதும் ஆபத்து. சுவரைத் தாங்கி நிறுத்துவதே அந்தப் பூச்சாக இருக்கலாம். முதலில் கூரை ஒழுக்கையும் வெளிமண் உயரத்தையும் சரிசெய்யுங்கள். பிறகு சிறு பகுதிகளாகப் பெயர்த்து, காயவிட்டு, சுண்ணாம்பு பூசுங்கள். சுவரோரம் வடிகால் தோண்டுவதானால் சற்றுத் தள்ளித் தோண்டுங்கள். அஸ்திவாரம் அனேகமாக இல்லை என்பது நினைவிருக்கட்டும்.

அடுத்த ஆபத்து விறகு ஸ்டவ். டர்ஃப் தீக்குக் கட்டிய பழைய புகைபோக்கியில் ஸ்டவ்வின் சூடான புகையை விட்டால், ஒரு மீட்டர் வைக்கோலுக்குள் புதைந்திருக்கும் கல் மெல்ல மெல்லச் சூடேறி, வைக்கோல் உள்ளுக்குள்ளேயே கருகும். வெப்பக் காப்புள்ள குழாய் உள்ளே இறக்காமல் பற்றவைக்காதீர்கள். வருஷம் ஒருமுறையாவது புகைபோக்கியைத் துடைக்கவும், கூரைக்கு மேலே தெரியும் கற்களின் இடுக்குச் சாந்தைப் பார்க்கவும் ஆள் விடுங்கள்.

வீடு பாதுகாக்கப்பட்ட கட்டட வரிசையில் இருந்தால், திட்டமிடல் சட்டப்படி அதன் தன்மையை மாற்றும் வேலைக்கு மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி தேவை. வேய்ச்சலுக்கு மானியமும் உண்டு. வைக்கோல் கூரை வீட்டுக்குக் காப்பீடு எடுப்பதுதான் கடினம். விலை பேசுமுன் அதை விசாரித்துவிடுங்கள்.

வாங்காமல் பார்க்க மட்டும் வேண்டுமென்றால்?

கிளேரில் பன்ராட்டி, கெரியில் மக்ராஸ், டோனிகாலில் கிளென்கொலம்கில், பெல்ஃபாஸ்ட் அருகே கல்ட்ராவிலுள்ள அல்ஸ்டர் நாட்டுப்புற அருங்காட்சியகம். கல்ட்ராவில் பல வீடுகளைக் கல் கல்லாகப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி கட்டியிருக்கிறார்கள். தீ மூட்டியிருக்கும் நாளாகப் பார்த்துப் போங்கள். உள்ளே போனதும் முதலில் கூரையின் அடிப்பக்கத்தை அண்ணாந்து பாருங்கள், ஸ்க்ராவும் தையல் கயிறும் அங்கேதான் தெரியும்.